குகையில் ஒரு கணவன்

டெலிபோன் அலறியது.

செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை மணி. தவாலிக்கித் தீவின் போலீஸ் நிலையத்தில் சார்ஜெண்ட் லோசலீனி அவித்த சேப்பங்கிழங்கை அப்போதுதான் வாயில் வைத்திருந்தாள்.

"என் புருஷன்... கடல்ல... அலை இழுத்துட்டுப் போயிடுச்சு..."

பெண் குரல். ஆஸ்திரேலிய இழுவை.

"யார் பேசறது? எங்கிருந்து?"

"வெண்டி ஹார்டிங்... கிழக்குப் பாறைல இருக்கேன்... சீக்கிரம் வாங்க..."

"வரேன். நீங்க விளிம்புல நிக்காதீங்க."

லோசலீனி கிழங்கை விழுங்கினாள். ஜீப் சாவியைத் தேடினாள்.

ஹார்டிங் யார் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். டங்கன் ஹார்டிங். கூட்டம் போகாத இடங்களைத் தேடிப் போய், அந்த இடங்களைப் பற்றிக் கூட்டத்துக்கு எழுதிச் சொல்கிறவர். நாலு புத்தகம். எல்லா அட்டையிலும் அதே தாடி, அதே வட்டத் தொப்பி. இணையத்தில் மூன்று லட்சம் பேர் பின்னால் வருகிறார்கள். பக்கத்துத் தீவின் கடற்கரையை 'மனிதக் கால் படாத மணல்' என்று எழுதினார். அடுத்த வருடமே அங்கே கப்பல் வந்தது. வரிசையாகப் பன்னிரண்டு கக்கூஸ் முளைத்தது.

"மனிதக் கால் படலையாமே," என்றாள் லோசலீனி, ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே. "அப்போ அங்க இருக்கற சனமெல்லாம் இத்தனை நாளா பறந்துட்டிருந்துதா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் ஃபோத்து சிரித்தான். நாற்பது வயது. அவளுக்குச் சித்தி மகன்.

கிழக்குப் பாறையில் வெண்டி தரையில் சுருண்டு கிடந்தாள். கேமராவின் முக்காலி மட்டும் விளிம்பில் தனியாக நின்றது.

"சூரிய உதயத்தைப் படம் எடுக்கணும்னார்... நான் வேண்டாம்னேன்... பெரிய அலை ஒண்ணு..."

கையை நீட்டி விளிம்பைக் காட்டினாள்.

லோசலீனி கடலைப் பார்த்தாள். காற்று திசை மாறி மேற்கிலிருந்து அடித்தது. தீவில் படகு இறக்குகிற ஒரே துறை மேற்கில்தான் இருந்தது. இன்றைக்கு ஒரு படகும் இறங்காது. அங்கே ஒரு வாரமாக நின்றிருந்த வெளிநாட்டுப் பாய்மரக் கப்பல்கூட விடியற்காலையில் நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடிப் போயிருந்தது.

"காற்று நின்னதும் தேடறோம்," என்றாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி டெலிபோன். பெரியம்மா மகள் மாகெலீத்தா.

"ஏண்டி லோசா... உன் செத்துப்போன பலாங்கி என் தோட்டத்துக்குப் பின்னால குகைல உக்காந்து டின் மாட்டுக்கறி தின்னுட்டிருக்கான். உனக்குத் தெரியுமா?"

லோசலீனி நிமிர்ந்தாள்.

"எந்த வெள்ளைக்காரன்?"

"வெள்ளை மூஞ்சி. தாடி. வட்டத் தொப்பி. முதுகுல மூட்டை. வேற எந்தப் பலாங்கி? என்னைப் பார்த்ததும் உள்ள ஓடிட்டான்."

"நீ பார்த்த மாதிரி காட்டிக்காதே."

போனை வைத்தாள். ஃபோத்து தன் செல்போனை நீட்டினான்.

"அக்கா, இதைப் பாரு. 'டங்கனைக் கடல் கொண்டுபோய்விட்டது.' எட்டு மணிக்கே பொண்டாட்டி போட்டாச்சு. கீழேயே இன்னொண்ணு... புதுப் புத்தகம் அடுத்த மாசம் வருதாம்."

லோசலீனி இரண்டையும் படித்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"காணாமப் போற நாடகம். புத்தகம் விக்க. அதுக்கு நம்ம ஊரா கிடைச்சுது அவனுக்கு? சிட்னில ஒளிஞ்சா அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியாது. இங்க ஒருத்தன் தும்மினா நாலு வீட்டுல ஜெபம் பண்றாங்க."

"போய்த் தூக்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். நல்லா கொசு கடிக்கட்டும். வெள்ளிக்கிழமை ஃப்ளைட் வரும்ல... ஊரே ஏர்போர்ட்ல நிக்கும். அங்க கொண்டுபோய் நிறுத்தறேன். அதையும் படம் எடுத்துப் போடட்டும்."

புதன்கிழமை காற்று நின்றது. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. லோசலீனி ஒரு படகையும் அனுப்பவில்லை.

வெண்டி விடுதியில் அழுதுகொண்டே இருந்தாள். சர்ச் பெண்கள் தேங்காய்ப்பாலில் மீன் ஊறவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வியாழக்கிழமை லோசலீனியும் போனாள். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டாள்.

"தேடவே இல்லையா நீங்க?" என்று கேட்டாள் வெண்டி.

"எதுக்கு அலையணும்? அவர் எங்க இருப்பார்னு எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு."

வெண்டியின் முகத்தில் ரத்தம் வற்றியது.

மாட்டினியா, மகாராணி... என்று நினைத்துக்கொண்டாள் லோசலீனி. திரும்பும் வழியெல்லாம் அந்த முகத்தை நடித்துக் காட்டி ஃபோத்துவைச் சிரிக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி. விமானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம்.

குகை வாசலில் குனிந்து லோசலீனி டார்ச் அடித்தாள். மூலையில் ஒரு உருவம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்தது. தாடி. முகமெல்லாம் கொசுக்கடியில் வீங்கியிருந்தது.

"எழுந்திரு ராசா. நாடகம் முடிஞ்சுது."

"உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையே தெரியும். வெண்டி எல்லாத்தையும் கக்கிட்டா."

அது பொய். சும்மா எறிந்து பார்த்தாள்.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சொன்னா?"

"எல்லாம்."

"என் தலைல போட்டாளா? சத்தியமா நான் தள்ளலைங்க. நான் முக்காலியைத்தான் பிடிச்சுட்டிருந்தேன். தள்ளினது அவதான்."

லோசலீனி டார்ச்சை அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"யாரை?" என்றாள் லோசலீனி.

"யாரையா? அவ புருஷனை."



"அப்போ... நீ யாரு?"

"கிரேடி. பாய்மரக் கப்பல்ல வந்தேன். அவதான் துணைக்குக் கூப்பிட்டா. வேலை முடிஞ்சதும் அதுலயே போறதா இருந்தேன். திரும்பி வந்து பார்த்தா கப்பலைக் காணோம். எங்க போறதுன்னு தெரியலை... இங்க வந்து உக்காந்துட்டேன்."

பின்னால் நின்ற ஃபோத்து தரையைப் பார்த்தான்.

ஆறு பேர் வந்த கப்பல். வந்த அன்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவள் லோசலீனிதான். ஓடிப்போனபோது எத்தனை பேர் ஏறினார்கள் என்று அவள் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவும் இல்லை. ஒரு தொப்பி, ஒரு தாடி... அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மூன்று நாள் ஒரு மனிதனைக் கடலில் விட்டுவிட்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படகை இறக்கு," என்றாள். "எத்தனை இருக்கோ அத்தனையும்."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கிழக்குப் பாறைக்கு அடியில், பவளத் திட்டின் இடுக்கில் டங்கன் ஹார்டிங் சிக்கியிருந்தார். விழும்போதே தலை அடிபட்டிருக்கிறது, உடனே போயிருப்பார் என்றார் டாக்டர். லோசலீனி இரண்டு முறை கேட்டு அதை உறுதிசெய்துகொண்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த உடம்பின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து ஏர்போர்ட்டுக்குப் போனாள்.

வெண்டி வரிசையில் முதல் ஆளாக நின்றாள். கழுத்தில் சர்ச் பெண்கள் போட்ட பூமாலை.

"உங்க புருஷன் கிடைச்சுட்டார்," என்றாள் லோசலீனி.

வெண்டி கைக்குட்டையை எடுத்தாள். "கடவுளே... எங்க?"

"தள்ளின இடத்துலதான்."

கைக்குட்டை பாதியில் நின்றது.

"என்ன சொல்றீங்க நீங்க? அலை அடிச்சதை நான் பார்த்தேன். அங்க எங்க ரெண்டு பேரைத் தவிர யாருமே இல்லை."

"கிரேடி வேற மாதிரி சொல்றாரே?"

"அவன் கப்பல்ல போயிட்டானே..."

சொன்ன பிறகுதான் வெண்டிக்குத் தன் வாயே தன்னைக் கவிழ்த்துவிட்டது என்று உறைத்தது. வரிசையில் நின்ற நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெண்டி கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். பிறகு எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி சிரித்தாள். அசிங்கமான சிரிப்பு.

"பன்னிரண்டு வருஷம் சார்ஜெண்ட். யாருமே போகாத இடம், யாருமே போகாத இடம்னு இழுத்துட்டு அலைஞ்சார். யாரும் ஏன் போகலைன்னு ஒரு நாளாவது யோசிச்சாரா? ஒரு நல்ல காபி கிடையாது. பேச ஆள் கிடையாது. ராத்திரி பகல் அவர் மூஞ்சி மட்டும்... விட்டுட்டுப் போனா புத்தகம், வீடு எல்லாம் அவரோட போயிடும். ஆளில்லாத ஊர்ல சாட்சி இருக்காதுன்னு நினைச்சேன்."

"ஆயிரத்து இருநூறு பேர் இருக்கோம் அம்மா. கண்ணுல படலையா?"

ஃபோத்து வெண்டிக்கு விலங்கை மாட்டினான். வெளியே விமானம் அவளில்லாமல் கிளம்பியது.

"என்னை எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள் ஜீப்பில்.

லோசலீனி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

"லாக்கப்லதான். நல்ல இடம். ஜன்னல்ல கடல் தெரியும். நாலு வருஷமா ஒரு டூரிஸ்ட்கூட எட்டிப் பார்க்கலை."