மலைவேகம்: நிறைகளும் குறைகளும்

கைமாற்று மணி அலறியது.

வண்டிக்குள் அந்தச் சத்தம் கேட்டால் ஒரே பொருள்தான். இனி நான் ஓட்ட மாட்டேன், உங்களில் ஒருவர் ஓட்டுங்கள். முன்பலகையின் மூடி விலகி, மடிந்து கிடந்த ஸ்டீயரிங் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே நீண்டது. மதுவந்தி சட்டென்று அதைப் பிடித்தாள். அது அவள் உள்ளங்கையைப் படித்தது, சிவப்பாக மின்னியது, இறுகிப் பூட்டிக்கொண்டது.

“அண்ணி, உங்க ஸ்கோருக்கு அது ஹாரன் அடிக்கக்கூட விடாது. இப்படிக் கொடுங்க,” என்றான் பக்கத்தில் இருந்த நிரஞ்சன். அவன் கை பட்டதும் ஸ்டீயரிங் பச்சையாகி, அவன் பக்கம் பணிவாகத் திரும்பியது.

பின் இருக்கையில் மதுவந்தியின் கணவன் ஓரி படுத்திருந்தான். மிளகுத் தோட்டத்தில் விரியன் கடித்த இடது கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. விஷமுறிவு மருந்து கீழே நாமக்கல்லில்தான் இருந்தது. இந்த மழைக்காற்றில் மருத்துவ ட்ரோன் மலையேறாது. தானோட்டி வண்டியில் ஏற்றிப் பாதி மலைகூட இறங்கவில்லை, இடி விழுந்து சமிக்ஞைக் கோபுரம் செத்துவிட்டது. கோபுரம் இல்லாவிட்டால் வண்டிக்குக் கண் இல்லை.

“ரெண்டு பேரும் ஸ்டீயரிங்குக்குச் சண்டை போட்டா பாம்புதான் ஜெயிக்கும்,” என்று ஓரி முனகினான். சிரிக்க முயன்று, பல்லைக் கடித்துக்கொண்டான்.

மனிதர்கள் சாலையில் வண்டி ஓட்டுவதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் இப்படி எங்காவது வண்டி கைவிட்டால் யாராவது ஓட்டியாக வேண்டுமே. அதற்காக ஓட்டுரிமை வாரியம் கண்டுபிடித்த வழிதான் ‘மலைவேகம்’. வீட்டுக் கன்சோலில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டு. வாரம் ஒருமுறையாவது ஆட வேண்டும். வண்டியில் இருப்பவர்களில் யாருடைய ஸ்கோர் அதிகமோ அவருக்குத்தான் ஸ்டீயரிங் திறக்கும். சட்டம் அது.

நிரஞ்சன் மாவட்டத்தில் முதலிடம். அவனுடைய அண்ணி மாநிலத்திலேயே கடைசி வரிசை. இத்தனைக்கும் மலைவேகத்தை அவளைவிட அதிகமாக ஆடியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அவள் வாரியத்தின் பரிசோதகர். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் குறை தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. வேண்டுமென்றே சுவரில் மோதுவாள், வளைவின் நடுவில் பிரேக்கை மிதிப்பாள், ஈரச் சாலையில் சக்கரத்தை வழுக்கவிட்டுப் பார்ப்பாள். வேலைக்காக மோதுவதையும் விளையாடி மோதுவதையும் ஸ்கோர் எந்திரம் பிரித்துப் பார்க்கவில்லை. தனி அடையாள எண் கேட்டு அவள் எழுதியதற்கு, பரிசீலனையில் உள்ளது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

நிரஞ்சன் வண்டியை எடுத்தான்.

முதல் சில கொண்டை ஊசி வளைவுகளில் மதுவந்திக்கே ஆச்சரியமாக இருந்தது. விளையாட்டின் நிறைகள் என்று அவள் தன் அறிக்கையில் எழுதியவை எல்லாம் கண்முன்னே நடந்தன. கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் மலைவேகம் அங்குல சுத்தமாக அளந்து வைத்திருந்தது. அடுத்த வளைவு எப்படித் திரும்பும் என்பது பார்க்காமலே நிரஞ்சனின் தோளுக்குத் தெரிந்தது. கன்சோல் ஸ்டீயரிங் கையில் எப்படி இறுகுமோ அதேபோல் இதுவும் இறுகியது. மழையில் எங்கே வேகத்தைக் குறைப்பது என்பதிலும் பிசகு இல்லை. தானோட்டியே இவ்வளவு வழவழப்பாக இறக்கியிருக்காது.

ஆனால் அவளால் சாய்ந்து உட்கார முடியவில்லை. குறைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. விளையாட்டில் பின் இருக்கை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் ஓரி கதவில் போய் மோதினான். ஒருமுறை வாந்தி எடுத்தான். மெதுவாகப் போ என்றாள். மெதுவாகப் போனால் அண்ணனுக்கு நேரம் இல்லை என்றான் நிரஞ்சன். இரண்டுமே உண்மை.

அதைவிடப் பெரிய குறை வேறொன்று. மலைவேகத்தில் எதிரே யாரும் வருவதில்லை. எல்லா வண்டிகளும் ஒரே திசையில் பறக்கும். அதனால் நிரஞ்சன் ஒவ்வொரு வளைவையும் சாலையின் மறுபாதிக்குப் போய், உள்விளிம்பை உரசி, மிகக் குறுகிய கோட்டில் வெட்டிக்கொண்டிருந்தான். பந்தயத்தில் அதற்குத்தான் அதிகப் புள்ளி.

“இடது பக்கமே போ நிரஞ்சா. எதிர்ல வண்டி வந்தா என்ன பண்ணுவே?”

“இந்த மழையில எவன் அண்ணி மலை ஏறுவான்?”

பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

வளைவின் முனையில் அதன் விளக்குகள் திடீரென்று முளைத்தன. அதற்கும் கோபுரம் இல்லை, அதையும் பயணிகளில் எவரோ ஒருவர்தான் ஓட்டி வந்தார். அவரும் நல்ல ஸ்கோர்காரராகத்தான் இருக்க வேண்டும். சரியாக அதே கோட்டில், அதே உள்விளிம்பை உரசிக்கொண்டு வந்தார். ஒரே பாடம் படித்த இரண்டு பேர்.

நிரஞ்சன் ஸ்டீயரிங்கை ஒடித்தான். பஸ் மயிரிழையில் விலகிப் போனது. வண்டியின் இடப்பக்கம் தடுப்புச் சுவரில் தேய்ந்து, கற்கள் உதிர்ந்து பள்ளத்தில் விழுந்தன. பின்சக்கரங்கள் வழுக்கின. சுவர் உடைந்த இடைவெளியை நோக்கி வண்டி பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது.

நிரஞ்சன் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தான். மடியில் வைத்துக்கொண்டான். கண்களை மூடினான். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன.

மதுவந்தி அவன் பெயரைக் கத்தினாள். அவன் திரும்பவில்லை. ஸ்டீயரிங் அவன் உள்ளங்கையைத் தேடிச் சிவக்க ஆரம்பித்தது. அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டுகளைப் பற்றி, அந்தக் கைகளை ஸ்டீயரிங்கில் பதித்து, மேலே தன் கைகளை வைத்து அழுத்தினாள். பச்சை வந்தது. ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் வண்டி என்ன செய்யும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிரேக்கைத் தொடாதே என்று அவன் காதில் சொன்னாள். நழுவும் பக்கமே சக்கரத்தைத் திருப்பினாள், பிடி கிடைக்கும்வரை பொறுத்தாள், பிறகு மெல்ல நிமிர்த்தினாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிச் சாலைக்கு வந்தது.

அடிவாரம்வரை அப்படியேதான் இறங்கினார்கள். கீழே அவன் கை, மேலே அவள் கை. எல்லா வளைவிலும் இடது பக்கம், எல்லா வளைவிலும் ஹாரன். ஓரி பேசுவதை நிறுத்தியிருந்தான். அவள் பின்நோக்குக் கண்ணாடியில் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடிவாரத்துக் காரவல்லியில் சமிக்ஞை கிடைத்தது. ஸ்டீயரிங் தானாக மடிந்து உள்ளே போனது. வண்டி எதுவும் நடக்காததுபோல் நாமக்கல் நோக்கி வேகமெடுத்தது. மலையிறக்கத்தை வெற்றிகரமாக முடித்ததற்காக நிரஞ்சனின் ஸ்கோரில் புள்ளிகள் சேர்க்கப்பட்டதாகத் திரையில் ஒரு வாழ்த்து மின்னியது.

மருந்து ஏற்றிய பிறகு டாக்டர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், இப்போது பயமில்லை, கால் வீக்கம் வடிய நாளாகும் என்றார். மதுவந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

நிரஞ்சன் வராந்தா பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது. வண்டி சரிந்தபோது ஏன் கையை எடுத்தாய், பயந்து போய்ச் சாமி கும்பிட்டாயா என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் தலை நிமிராமலே சொன்னான்:

“சாமி கும்பிடல அண்ணி, எண்ணிட்டிருந்தேன்… மலைவேகத்துல மோதினா, மூணு எண்றதுக்குள்ள வண்டியைத் தூக்கி நடு ரோட்டுல புதுசா வெச்சிடும்ல?”