குட்டைக்கரையில் இரண்டாவது சாட்சி

டப்பென்று காரின் கதவைச் சாத்தினான் லோரன். கழிவுநீர்க் குட்டையிலிருந்த வாத்துகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

அந்தப் பாலை ஊரில் எப்போதும் தண்ணீர் நிற்கிற இடம் அது ஒன்றுதான். பறவை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் கூடுவார்கள். மூக்கைப் பொத்துவது மரியாதையில்லை.

"இன்னும் ஓங்கிச் சாத்துங்க, சிட்னில கேக்கட்டும்!" என்றாள் குழுவை நடத்தும் வெரிட்டி.

"மன்னிச்சுக்குங்க... கதவு பழசு, நான் புதுசு."

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த வாத்தியார் அவன். வெயிலில் சுருங்கிய கண்கள்... கெஞ்சுகின்றனவா, சிரிக்கின்றனவா? வெரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாகத்தான்.

பட்ட மரத்தின் உச்சியில் ஏதோ அமர்ந்திருந்தது. முக்காலியில் நின்ற தொலைநோக்கியில் கண் வைத்த வெரிட்டி கூவினாள்.

"சாம்பல் வல்லூறு!"

அங்கேயே பிறந்து வளர்ந்தும் அவள் கண்ணில் படாத பறவை! ஆனால் இரண்டாவது ஆளும் பார்த்துச் சொன்னால்தான் கணக்கு. அது குழுவின் விதி. பக்கத்தில் நின்ற லோரன் தொலைநோக்கியில் குனிந்தான், நிமிர்ந்தான்.

"ஆமா... வல்லூறுதான்."

குழுவில் மூத்தவளான டாஃப்னி கிழவி பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். வெரிட்டி மட்டும் மறுபடி பார்த்தாள். பறவை எழும்பி, சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்றது. வல்லூறு அப்படி நிற்காது. அது கருந்தோள் பருந்து.

வேறு யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் பெருமை தங்கும். ஆனால் இனி எந்தப் பறவையைப் பார்த்தாலும், தன்னையே எப்படி நம்புவது?

"என் தப்பு," என்றாள். "அது வெறும் பருந்து."

"தினம் உன் வீட்டு லைட்டுக் கம்பத்துல உக்காருமே, அதுவாடி?" டாஃப்னி சிரித்த சிரிப்பில் வாத்துகள் இன்னொரு தரம் பறந்தன.

எல்லோரும் கிளம்பும் நேரம், வெரிட்டி லோரனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க பொய் சொன்னீங்க? எனக்குப் பாவம் பாத்தீங்களா?"

"சத்தியமா இல்ல... உள்ள ஒண்ணுமே தெரியல. தெறந்திருக்க வேண்டிய கண்ண மூடிட்டேன்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்து தொலைத்தது.

"அப்ப எதப் பாத்து ஆமான்னீங்க?"

"உங்க மொகத்த... அவ்ளோ சந்தோஷம். இல்லைன்னு சொல்ல வாய் வரல." அவன் தொண்டையைச் செருமினான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க. இது பொய்யில்ல. ஆனா ரெண்டாவது ஆளும் சொன்னாத்தான் கணக்காமே?"

வெரிட்டி தொலைநோக்கியை மடக்கினாள். அவசரமே இல்லாமல் உறையில் போட்டாள். பிறகு அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். வாத்துகள் திரும்பி வந்து இறங்கிவிட்டன.

"ஆமா," என்றாள்.