அரக்குப் பட்டுக்குக் குஞ்சம்

"ஊரான் ஊட்டுப் பட்ட நம்ம ஊட்டுல வெச்சுக்கினு எவளுக்குத் தூக்கம் வரும்? எனக்கு நாலு நாளா கண்ணு மூடல..."

காலை ஆறரை மணிக்கே மாமியார் லட்சுமியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த ஜெயக்கொடியின் கை ஒரு நொடி நின்றது.

"இன்னிக்கி சாயங்காலம் குடுத்துடுவேன் அத்தை. இன்னும் நாலு குஞ்சம்தான் பாக்கி."

"இது போனா இன்னொண்ணு வரும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யார் பதில் சொல்றது? வேணாம்னா வேணாம். நான் சொன்னா எவ கேக்குறா..."

பல் துலக்கிக்கொண்டே வந்த எழிலன், அம்மாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். நெல் ஏலம் போகும் கமிட்டிக்கு மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி அவனுடையது. அறுவடைக் காலம் போனால் வண்டி வாசலில் சும்மா நிற்கும். அப்படி நின்ற ஒரு மாதத்தில்தான், போனைப் பார்த்துப் பார்த்து ஜெயக்கொடி புடவை முந்தானையில் குஞ்சம் கட்டக் கற்றுக்கொண்டாள். நூலைப் பிரித்து, முடிச்சிட்டு, நடுவில் சின்னச் சின்ன முத்து கோத்து... ஒரு கல்யாணத்துக்கு அவள் கட்டிப்போன புடவையைப் பார்த்து, சிங்கவரம் அமிர்தவல்லி மயங்கிப்போனாள். தன் மகள் அனுவின் கல்யாணப் புடவையையே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

"இதையே தொழிலா செய்யேம்மா. நானே பத்துப் பேருகிட்ட சொல்றேன்" என்றும் சொல்லியிருந்தாள்.

அன்று எழிலன் ஒரு கண்டிஷன் போட்டான். இப்போதும் அதையே சொன்னான்.

"அம்மா, நான்தான் சொல்லிட்டேன்ல. இந்த ஒரு புடவை. நல்லபடியா குடுத்தா செய்யட்டும். ஒரு சொல்லு வந்துச்சுன்னா அதோட விட்டுடணும். இன்னா ஜெயா?"

"சரிங்க" என்றாள் ஜெயக்கொடி. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாறு வருடமாக இந்த வீட்டில் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும்தான் கேட்டாள். அத்தைக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது என்றுதான் விளங்கவில்லை. நான் நாலு பேருக்குத் தெரிந்தவளாகிவிடுவேன் என்ற பொறாமையா? அப்படி நினைத்ததற்காக உடனே மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்குப் பச்சை நூல் தீர்ந்துபோயிற்று. உள்ளறைக் கட்டிலில் புடவையை வெள்ளைத் துணியால் மூடிவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினாள். மூன்று கடை ஏறி இறங்கி அதே பச்சையைத் தேடிப் பிடித்துத் திரும்பும்போது பாறை மலைகளிலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது. அமிர்தவல்லி வரும் நாலு மணிக்குள் முடியுமா, முடியாதா... இதே ஓட்டம்தான் நெஞ்சில்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. பீரோக் கண்ணாடியின் முன்னால் லட்சுமியம்மாள். வெளுத்த நூல் புடவையின் மேல், தலையைச் சுற்றித் தோளில் வழிய, அந்த அரக்குப் பட்டு. ஒரு கையால் சரிகையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன் வந்து நிற்கும் பெண்ணைப் போல, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

இருபத்தொன்பது வயதில் தாலியைக் கழற்றியவள். ஐந்து வயது மகனைத் தூக்கிக்கொண்டு மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் கூலிக்கு நின்றவள். அன்றிலிருந்து முப்பத்து மூன்று வருடம், உடம்பில் ஒரு சாயம் பட்டதில்லை.

ஜெயக்கொடி சத்தமில்லாமல் பின்வாங்கினாள். வாசலுக்குப் போய், கேட்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் படாரென்று சாத்தினாள். "அப்பாடி, நூலு கெடச்சிடுச்சு" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னாள். கொஞ்சம் நின்று, மெல்ல நடந்து உள்ளே வந்தாள்.

லட்சுமியம்மாள் கூடத்தில் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

கட்டிலில் வெள்ளைத் துணி இருந்தபடியே இருந்தது. ஜெயக்கொடி விலக்கிப் பார்த்தாள். முந்தானையில், சரிகையை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்குத் தேங்காயெண்ணெய்க் கறை. அத்தை காலையில் தலைக்கு வைத்த எண்ணெய்!

முகப் பவுடரைத் தூவினாள். எண்ணெயை இழுக்கும் என்று அரைமணி காத்திருந்து தட்டினாள். மறுபடி தூவினாள். கறை மங்கியது; மறையவில்லை. "ரங்கநாதா... நீ பாத்துக்க" என்று முணுமுணுத்தபடி மிச்சக் குஞ்சங்களைக் கட்டினாள். முடிச்சு நழுவியது. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

நாலு மணிக்கு அமிர்தவல்லி வந்தாள். எழிலனும் அப்போதுதான் சாப்பிட வந்திருந்தான்.

"அடியம்மா... தங்கமான வேல" என்று குஞ்சங்களை உள்ளங்கையில் ஏந்தி ஆட்டிப் பார்த்தாள் அமிர்தவல்லி. அவள் விரல் மேலே போனது. நின்றது. "இது இன்னாம்மா கறை?"

சோற்றுத் தட்டிலிருந்து எழிலன் நிமிர்ந்தான்.

"என் கைதாங்க்கா" என்றாள் ஜெயக்கொடி. "தலைக்கு எண்ணெ வெச்ச கையோட எடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க. கூலி எதுவும் வேணாம்."

"கூலியா இப்ப பேச்சு? பெருமாள் கால்ல வெச்சு எடுத்தாந்த கல்யாணப் புடவைம்மா. கைய கழுவணும்னுகூடவா தெரியாது உனக்கு?"

"அம்மா காலையிலயே தலைபாடா அடிச்சிக்கிட்டாங்க" என்று எழிலன் தட்டைத் தள்ளினான். "கேட்டியா நீ? போதும். இதோட நிறுத்திக்கோ. நாளைக்கி இன்னொருத்தர் வந்து வாசல்ல நின்னு கேக்க வேணாம்."

ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சொட்டிப் புடவையில் பட்டுவிடக் கூடாதே என்று இரண்டடி தள்ளி நின்றாள். அப்போதும் அத்தையின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

முறம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அவ கை இல்ல" என்றாள் லட்சுமியம்மாள். "என் தலை."

"அத்தை, நீங்க சும்மா இருங்க..."

"பதினாறு வருசமா நீதான் சும்மா இருந்த. இன்னிக்கி நான் பேசுறேன்." எழுந்து வந்தாள். "நான்தாம்மா எடுத்துத் தோள்ல போட்டுக்கினேன். தாலியறுத்தவ, உம்பொண்ணு கல்யாணப் புடவைய எடுத்துப் போட்டுப் பாத்தேன். இவ பாத்துட்டா. பாத்துட்டு, எனக்கு மானம் போவக் கூடாதுன்னு வாசல்ல போயி கேட்ட அடிச்சா. எனக்குத் தெரியாதா, அந்தக் கேட்டு தானா அப்பிடிச் சாத்தாதுன்னு?"

மகன் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தொழில் வேணாம்னு நான் ஒத்தக்கால்ல நின்னது இவமேல இருந்த கோவத்துல இல்லடா எழிலா. பட்டு ஊட்டுக்குள்ள வந்த நாள்ல இருந்து என் கை சும்மா இருக்கல. எனக்கு என்னையே நம்ப முடியல..."

அமிர்தவல்லியின் கை தன்னையறியாமல் புடவையை மார்போடு இழுத்துக்கொண்டது. ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

அமிர்தவல்லி கறையை விரலால் ஒருமுறை தடவினாள். "எங்கம்மா செத்தப்ப அவ பொட்டிய தெறந்தோம் பெரியம்மா. அடியில ஒரு பட்டு. மடிப்புகூட கலையல. எங்கப்பா போன பொறவு இருபத்தெட்டு வருசம், கட்டாம பொத்திப் பொத்தி வெச்சிருக்கா. நாங்க பொண்ணுங்க மூணு பேரு... ஒருத்தியும் ஒரு நாள் கட்டிக்கோம்மான்னு சொல்லல." தன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாமி கால்ல கெடந்த புடவை. உங்க தோள்ல பட்டா இன்னா கொறஞ்சிடும்? கறை, வெளுக்கக் குடுத்தா போயிடும். கல்யாணத்துக்கு வாங்க. பின்னாடி போயி ஒளிஞ்சிக்காம, முன்னாடி வந்து உக்காருங்க."

அவள் புடவையோடு படியிறங்கிப் போனாள்.

எழிலன் மெல்ல இழுத்தான். "ஒரு சொல்லு வந்துடுச்சே..."

"வந்த சொல்லு எனக்குடா. அவளுக்கு இல்ல." லட்சுமியம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிச்சிட்டு முடிச்சிட்டு விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. "நீ செய்யி ஜெயா. ஆனா புடவைங்கள பீரோவுல வெச்சுப் பூட்டிடு. சாவிய எங்கிட்ட குடுக்காத."

"பூட்ட மாட்டேன் அத்தை" என்றாள் ஜெயக்கொடி. "பாக்கணும்னா பாருங்க. தலைக்கு எண்ணெ வெக்காத நாளா பாத்துக்குங்க."

லட்சுமியம்மாள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை வருட அழுகையையும் அழுதாள். ஜெயக்கொடி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

எழிலன் ஒதுங்கி நின்றான். முப்பத்தெட்டு வயதாகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு நூல் புடவை வாங்கி அம்மா கையில் கொடுத்திருக்கிறான். அம்மாவும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா" என்றான். "உனக்கு இன்னா கலரு புடிக்கும்?"

லட்சுமியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை போல ரொம்ப நேரம் விழித்தாள்.

"தெரியலடா" என்றாள். "இரு... யோசிச்சு சொல்றேன்."