நான் மீனாக இருந்தால்

"நான் மீன் இல்லையே, மிஸ். அப்புறம் எப்படி அப்படி எழுதுறது?"

கவியா இப்படிக் கேட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

ஆசிரியை விஜயகுமாரி கரும்பலகையில் ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பாதி எழுதி நிறுத்தியிருந்தார். 'நான் மீனாக இருந்தால்...' என்று அதற்குப் பொருள். மீதியை ஆளுக்கொரு விதமாக முடிக்க வேண்டும்.

"நடக்காததை நினைச்சுப் பார்க்கறதும்மா. சும்மா எழுது," என்றார் அவர்.

"பொய் எழுதமாட்டேன், மிஸ்," என்று பேனாவை மூடி வைத்தாள் கவியா. இல்லாததைச் சொன்னால் அது பொய். இனிப் பொய் சொல்வதில்லை என்று போன வாரம்தான் திருப்போரூர் முருகன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

அப்பாவின் வேலை மாற்றலால் திருநெல்வேலியிலிருந்து மாமல்லபுரத்துக்கு வந்த புதிது. "ஏட்டி, கூட்டாளி யாரும் கிடைச்சாளா?" என்று அம்மா தினமும் கேட்பாள். "நிறைய பேரும்மா," என்பாள் கவியா. உண்மையில் ஒருத்தரும் இல்லை. அந்தப் பொய் உறுத்தியதால்தான் சத்தியம்.

மதியம் சாப்பிட மணியடித்தது.

"சத்தியவாக்கு மேடம் வராங்கோ, வழி வுடுங்கடா!" என்று கூவினான் மீனவர் வீட்டுப் பையன் ரமேஷ்.

கவியா தனியாக மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இன்னா, சாப்டாம குந்திகினு கீற?"

கடைசி பெஞ்சு ஷபானா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"பசிக்கல."

"நானு உன் எடத்துல இருந்தா, அந்த ரமேஷு தலையில சாம்பாரக் கொட்டிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்!"

கவியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா, நீ என் இடத்துல இல்லையே?"

"இல்லதான். அதுக்குன்னு நெனச்சுப் பாக்கக் கூடாதா?" என்று பாதி முட்டையை அவள் டப்பாவில் வைத்தாள் ஷபானா.

கவியா யோசித்தாள். ஷபானா சொன்னது நடக்கவில்லை. ஆனால் பொய்யும் இல்லை. என் மனசுக்குள் ஒரு நிமிடம் வந்து இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். முருகன் இதற்கா கோபித்துக்கொள்வார்?

வகுப்புக்குப் போனதும் எழுதி, எழுந்து படித்தாள்: "நான் மீனாக இருந்தால், ரமேஷ் வீட்டு வலைப் பக்கமே போகமாட்டேன்."

ரமேஷே விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று மாலை அம்மா கேட்டபோது, "ஒருத்தி இருக்காம்மா," என்றாள்.

சில நாள் கழித்து ஷபானா வலது கையில் கட்டோடு வந்தாள். எண்ணெய் தெறித்துவிட்டதாம். மறுநாள் வகுப்பைப் பெருக்குவது அவள் முறை. கடற்காற்று இரவெல்லாம் மணலைக் கொண்டுவந்து கொட்டும் அறை அது. வாய்விட்டு உதவி கேட்கும் பெண்ணும் அல்ல அவள்.

'நான் ஷபானாவாக இருந்தால்...' என்று நினைத்தாள் கவியா. உள்ளங்கை சுரீரென்றது.

மறுநாள் யாரும் வருமுன்பே வந்தாள். பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து மணல் முழுவதையும் கூட்டி அள்ளினாள். துடைப்பத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, ஷபானா வரும் பேருந்தைப் பார்த்தபடி பள்ளி வாசலில் போய் நின்றாள்.