ஈயச் சிப்பாயின் கண்கள்

நாங்கள் குடிவந்த வாடகை வீட்டின் பரணில் அந்த ஈயச் சிப்பாய் கிடந்தான். உள்ளங்கை உயரம், தோளில் நீளத் துப்பாக்கி, பழைய காலத்து வால் வைத்த கோட்டு. கண்களை மட்டும் யாரோ ஆணியால் சுரண்டியிருந்தார்கள். இப்படிப்பட்ட உருவங்களுக்கு எண்ணெய் வண்ணம் தீட்டுவது என் பைத்தியம். விடுவேனா? பள்ளங்களைப் பட்டி வைத்து அடைத்து, பாட்டில் மூடி ஒன்றில் ஒட்டிக் கூடத்து மேசையில் நிறுத்தினேன்.

கோட்டுக்குச் சிவப்பு, வார்களுக்கு வெள்ளை, முகத்துக்கு மூன்று பூச்சு. கடைசியில் கண். விழிகள் நேர் எதிரே பார்க்கும்படி வைத்தேன். எண்ணெய் வண்ணம் காய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை எறும்பு ஊர்ந்தாலும் தடம் விழும்.

மறுநாள் காலை சிப்பாய் இடப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. மனைவிக்கு வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை ஆகாது, அந்தப் பக்கமே வரமாட்டாள். குழந்தைக்குத் தவழக்கூடத் தெரியாது. மிச்சம், வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்த மச்சினன். கடைப் பலகை எழுதிப் பழகிய கை.

துடைத்துவிட்டு நேராக வரைந்தேன். மறுநாளும் இடது.

மச்சினனின் நகத்தில் கறுப்பு வண்ணம் ஒட்டியிருந்தது.

"ஏண்டா, எங்கிட்டயே விளையாடறியா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நான்தான் மாமா. நீங்க எழுந்து போனதும் அது வலது பக்கம் திரும்பிடுது. நேரா வெச்சாலும் நிக்கல. அதான் சுவத்துப் பக்கம் தள்ளிவிட்டேன்."

வலப்பக்கம் படுக்கையறை. உள்ளே தொட்டில்.

"காதுல பூ சுத்தாதே."

"சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் சொல்லல."

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியா?" என்று கத்தினேன். அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான் விழிகளை மறுபடி நேராக்கினேன். சிப்பாயைத் தகரப் பெட்டியில் பல்பின் சூட்டில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது வண்ணம் கல்லாக இறுகியிருந்தது.

விழிகள் வலது ஓரத்தில் இருந்தன.

மேசையில் எடுத்து வைத்து டர்பன்டைன் ஊற்றித் தேய்த்தேன். பிளேடால் சுரண்டினேன். துளி வரவில்லை. தூக்கி எறியலாம் என்று பிடித்தால், மேசையை விட்டு எழவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். குழந்தையோடு தொட்டிலை இழுத்துப்போய் இடப்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்த சமையலறையில் விட்டுவிட்டு வந்தேன்.

காய்ந்த வண்ணத்துக்குள் விழிகள் இடது ஓரத்துக்கு வந்திருந்தன.

மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, நீ சொன்னது நிஜம்டா. உடனே வா. வந்து அதைத் திருப்பிவிடு."



"காய விட்டுட்டீங்களா மாமா?"

"ஆமாடா."

"ஈரமா இருந்தவரைக்கும்தான் மாமா அது என் கைக்கு அடங்குச்சு."

சமையலறையில் அழுதுகொண்டிருந்த குழந்தை பாதி அழுகையில் நின்றது. பிறகு, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டுவதுபோல, கலகலவென்று சிரிக்கத் தொடங்கியது.