தானாக நிரம்பிய அறிவித்தல்

புதுப் பிரவுசரில் தர்சினி ‘அ’ என்று ஓர் எழுத்துத்தான் தட்டினாள். ‘அன்னாரின் இறுதிக்கிரியைகள்’ என்று மிச்சத்தை அதுவே எழுதிவிட்டது.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மானிப்பாயில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு இணையத்தளத்துக்கு மரண அறிவித்தல் தட்டிக் கொடுப்பது அவள் தொழில். நாளுக்கு இருபது தரம் இதே வசனம். “உந்தப் பழசை எறிஞ்சுபோட்டு இதைப் போடு, பறக்கும்” என்று கனடாவிலிருந்து அண்ணன் குகதாசன் அனுப்பிய பிரவுசர் இது. எழும்ப ஏலாத அம்மாவை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனவன் புத்தி சொல்வதில் மட்டும் ஒருநாளும் குறைவைத்ததில்லை.

வியாழக்கிழமை பின்னேரம். வெளியில் வெயில் இறங்காமல் நிற்க, பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் மின்விசிறி எதிலோ தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டுச் சுற்றும் சத்தமும், டெட்டோலுக்கு அடங்காத மூத்திர நெடியும், இருந்திருந்து ஓர் இருமலும் வந்துகொண்டிருந்தன. அடுத்த படிவத்தைத் திறந்தாள். அவள் தொடுவதற்கு முன்பே பெயர் விழுந்தது.

திருமதி செல்வநாயகி நடராசா.

அம்மா.

பெயரை இன்னொருமுறை வாசித்தாள். பிறகு வெட்கம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது, எப்ப முடியும் என்ற அலுப்பில் இதை அவளேதான் தட்டி வைத்தாள். பழைய பிரவுசரிலிருந்து அதைத்தான் இது தூக்கிவந்திருக்க வேண்டும்.

ஆனால் மரணத் திகதி அவள் போட்டிருக்கவில்லை. இப்போது இருந்தது. வருகிற சனிக்கிழமை.

அதன் கீழே பிள்ளைகள்.

‘காலஞ்சென்ற தர்சினி, குகதாசன் (கனடா) ஆகியோரின் பாசமிகு தாயாரும்.’

தாய்க்கு முன்னமே செத்த பிள்ளைக்குத்தான் அந்தச் சொல்லைப் போடுவார்கள். எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறாள்!

அழித்தாள். வந்தது.

அழித்தாள். வந்தது.

அவனுக்குக் கனடா. எனக்கு இது.

“தர்சினீ, தண்ணி கொஞ்சம் தா பிள்ளை.”

“வாறன் அம்மா.”

எழுந்து போனாள். அம்மா வாசலைப் பார்த்தபடி கிடந்தாள்.

“தர்சினீ.”

“இந்தா நிக்கிறன்.”

“எங்கை போனாய்? நா வறளுது.”

கட்டிலருகே குனிந்தாள். அம்மாவின் கண்கள் அவளைத் தாண்டி வாசலிலேயே நின்றன. தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தாள். பிடிபடவில்லை. இன்னொருமுறை. பிடிபடவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

மேசையில் அவள் கவிழ்ந்து கிடந்தாள். கன்னம் விசைப்பலகையில். கண் திறந்தபடி.

வியாழன். வெள்ளி. சனி.

வீட்டில் வேறு ஆளில்லை. தெருக் கேற் உள்ளே பூட்டியிருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் போன் எடுப்பான்.

“தர்சினீ,” அம்மா திரும்பவும் கூப்பிட்டாள். “ஒருக்கா வா பிள்ளை.”