வால் வெட்டாத எழுத்து

ஹெனுத் தன் புருஷனை ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லை. ஊரார் முன்னால் 'அவன்', கோபம் வந்தால் 'அந்த ஆளு', ரொம்பப் பிரியம் வந்துவிட்டால் பெயரே இல்லாமல் ஒரு கனைப்பு. அதனால், பாலைவனத்துக் காற்று ஊர் முழுவதையும் பருப்புக் கஞ்சி நிறத்தில் கலக்கிவிட்டிருந்த அந்த மதியம், அவள் புருஷன் சென்பி பட்டறையிலிருந்து வந்து, தலையைத் தட்டி மணலை உதிர்த்துவிட்டு, வழக்கமான முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனபோது, அடுப்பங்கரையிலிருந்து அவள் சொன்னதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அதுல உக்காராத. அது அவரோடது."

"யாரோடது?"

"அவரோடது."

"அவருன்னா நானா? என்னடி திடீர் மரியாதை? பார்லிக் கள்ளுல என்னத்தக் கலந்த?"

"உன்னை யாருய்யா சொன்னா?" வெங்காயம் நறுக்கிய கை நிற்கவில்லை. "பாயில உக்காரு."

சென்பி பாயில் உட்கார்ந்தான். நிறைமாதக்காரியோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. ஆனாலும் ரொட்டியைப் பிய்த்தபடி அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செதுக்கியது. ஒரு கால் ஆடியபோது அவனே ஈச்ச நார் சுற்றிக் கட்டியது. இப்போது அது வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதைச் சுற்றி, காற்று கொண்டுவந்து படியவைத்த மெல்லிய தூசியில், சாய்வாகச் சில கோடுகள். ஒன்றையொன்று தொடாமல், ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ சுட்டுவிரலைப் படுக்கவைத்து எடுத்து எடுத்து வைத்த மாதிரி. கதவுக்கு அடியில் நுழைந்து, முக்காலிவரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

அந்தக் கோடுகளைப் பார்த்தால் எங்கள் ஊரில் தவழுகிற குழந்தைகூடக் காலைத் தூக்கிக்கொள்ளும். கொம்பு வைத்த விரியன் அப்படித்தான் பக்கவாட்டில் போகும். சென்பி கம்பை எடுத்தான். சாடிகளை நகர்த்தினான், பாயை உதறினான், கட்டிலுக்கு அடியில் குத்திப் பார்த்தான். பாம்பு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அவன் தொழில் அப்படி. சவப்பெட்டிகளுக்குள் எழுதுகிறவன் அவன். எங்கள் சித்திர எழுத்தில் 'அவன்', 'அவர்', 'அவருடைய' எல்லாவற்றுக்கும் ஒரே குறி, கொம்பு விரியன். உயிரோடிருப்பவர்களின் வாசல் நிலையில் அதைத் தலையிலிருந்து வால்வரை முழுசாக எழுதவேண்டும். அது பாட்டுக்குக் கிடந்து, இன்னது இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டிருக்கும். செத்தவர் பெட்டிக்குள் அப்படி எழுதக் கூடாது. அங்கே மந்திரம் ஓதி மூடியைச் சாத்தியதும் எழுதியதெல்லாம் எழுந்துகொள்ளும். ரொட்டி ரொட்டியாகும், வாத்து வாத்தாகும். அதனால்தான் வாத்துக்குக் கால் வைக்க மாட்டார்கள், பாம்புக்கு வாலை வெட்டிவிடுவார்கள். சிங்கத்துக்கும் அதே வைத்தியம்தான்.

தூரிகை பிடித்த நாளிலிருந்து சென்பி எழுதிய பாம்புகள் எல்லாமே முடம். ஒரு தச்சனை வாழ்நாள் முழுக்க மூன்று கால் கட்டில் மட்டுமே செய்யச் சொன்னால் அவனுக்கு எப்படியிருக்கும்? போன மாதம் களஞ்சிய மேலாளர் ரென்செனெப்பின் பெட்டிக்கு எழுதினான். ரென்செனெப் எதைப் பார்த்தாலும் "நல்லா இருக்கே" என்பார். மறுநாள் அது அவர் வீட்டில் இருக்கும். அந்த மனிதரின் பெட்டி மூடிக்கு உட்புறத்தில், சரியாக முகத்துக்கு மேலே வருகிற இடத்தில், அவருடைய பசு, அவருடைய கள், அவருடைய வீடு என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவனுக்கு, கடைசி விரியனில் கை நிற்கவில்லை. கழுத்து வளைந்தது, வயிறு புடைத்தது, வால் நுனி மயிரிழையாக முடிந்தது. கொம்பு இரண்டும் வைத்தான். உட்கார்ந்து ரசித்தான். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தான். அதற்குள் சுமக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், வெயிலில் உடம்பு தாங்காது என்று அவசரப்பட்டார்கள், மூடி ஏறிவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். திறந்தான். சாவு விருந்துக் கள்ளை ஊற்றிக்கொண்டு மூடினான். குழி ஆழத்துக்கு மணல் கொட்டி நிரப்பினார்கள்.

சாப்பாடு முடிந்து ஹெனுத் கட்டிலில் சாய்ந்தாள். காற்று ஓலைக் கூரையைப் பிடித்து உலுக்கி உலுக்கி விட்டது. சென்பி கண்ணை மூடாமல் கிடந்தான். காற்று ஒரு மூச்சு நின்ற இடைவெளியில் அந்தச் சத்தம் கேட்டது. வறண்ட மரத்தின் மேல் நாணல் தூரிகை போகிற சத்தம். சரக், சரக் என்று, அவசரமில்லாமல், வரி முடிந்ததும் சற்று நின்று, மறு வரி தொடங்கி. அந்த வீட்டில் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் தூரிகைகள் எல்லாம் அவன் தலைக்கடியில் இருந்தன. கூடவே ஒரு வாசனையும் வந்தது. பிணத்துக்குப் போடும் உப்பும், பிசினும், வெயிலே படாத ஆழத்து மணலின் குளிர்ந்த மண்வாடையும்.

அவன் வளர்த்த நாய் எழுந்து முக்காலியிடம் போய் நின்றது. வாலை ஆட்டியது. தலையைச் சற்று உயர்த்தி, உட்கார்ந்திருப்பவனின் முழங்கால் வரும் உயரத்தில், காற்றில் மோவாயை வைத்துக்கொண்டது. மோவாய் அங்கேயே நின்றது. சென்பி நாக்கைத் தட்டிக் கூப்பிட்டான். மீன் விற்க வருகிறவனைப் பார்த்து உறுமுவதுபோல, பகையில்லாமல் அவனைப் பார்த்து உறுமியது.

தூரிகையும் மையும் கத்தியும் இருந்த பையைத் தலைக்கடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தான். பக்கத்து வீட்டு தெபி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்துகொண்டிருந்தாள்.

"சென்பி, இங்க என்ன நிக்கற? அவர் வீட்டுல வேலை ஏதும் இருக்கா?"

"எவர் வீட்டுல?"

"இதென்ன கேள்வி," என்று அவள் சிரித்துக்கொண்டே அவனுடைய சுவரைக் காட்டினாள். சுவரோரத்து மணலில் சாய்ந்த கோடுகள்.

சென்பி ஓதுகிற பூசாரி இபியாவின் வீட்டுக்கு ஓடினான். பூசாரிகள் மீன் தின்னக் கூடாது. ஆகவே இபியா கதவைச் சாத்திக்கொண்டு தின்றுகொண்டிருந்தார்.

"சாமி, ரென்செனெப் பெட்டியில ஒரு பாம்பு..."

"வாலை வெட்டினியா இல்லையா?"

"மறந்துட்டேன் சாமி."

"மறந்தியா?"

சென்பி தரையைப் பார்த்தான். "அழகா இருந்துச்சு."

இபியா வாயிலிருந்து முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "அழகா இருந்துச்சாம். உனக்கு அழகு வேணும்னா சுவத்துல பூ வரையேன்டா, எவன் கேக்கப் போறான்?" கையைத் துடைத்துக்கொண்டார். "பயப்படாத, அது உன்னைக் கடிக்காது. அது பாம்பே இல்ல, ஒரு சொல்லு. எது மேல ஊர்ந்து போகுதோ அது 'அவரோடது' ஆயிடும், அவ்வளவுதான். நாளைக்கு உன் வீட்டைப் பாத்து நானே 'அவரோடது'ன்னு சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன், நெசம்னு நினைச்சே சொல்வேன்."

"பெட்டியைத் தொறந்து வெட்டிட்டா?"

"தொறக்கலாமே. கல்லறை தொறந்தவனைக் கழுவுல ஏத்துவாங்க. உனக்காக நல்லா ஓதுறேன்."

"சாமி, அவ பிள்ளைத்தாச்சி."

இபியாவின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. காற்று கதவை இரண்டு தரம் தள்ளிப் பார்த்தது.

"என்னென்ன போச்சு இதுவரைக்கும்?"

"முக்காலி. நாய். வெளிச்சுவரு."

"அவ?"

"என்னை இன்னும் 'யோவ்'னுதான் கூப்பிடறா."

"அப்ப நேரம் இருக்கு. உன் வாசல் நிலையில எழுது. 'சென்பியின் வீடு. ஹெனுத், அவன் மனைவி.' உன்னோட 'அவன்' அவகூட ஒட்டிக்கிட்டு இருந்தா, இன்னொருத்தரோட 'அவர்' வந்து உக்கார எடம் இருக்காது. ஓடு. மை காயறதுக்குள்ள வாசிச்சும் விடு."

அவன் திரும்பியபோது தெருவே இல்லை. பழுப்பு மட்டும் இருந்தது. சுவரைத் தடவித் தடவித்தான் வாசலைக் கண்டுபிடித்தான். கதவுக்கு வெளியே நின்றபடி கத்தினான்.

"ஹெனுத்! கட்டில்ல ஏறி காலைத் தூக்கி வச்சுக்க!"

"யோவ், மூளைக்குள்ள மண்ணு போயிடுச்சா உனக்கு?"

யோவ். உலகத்தில் அதைவிட இனிப்பான சொல்லை அவன் கேட்டதில்லை.

மையைக் குழைக்கத் தண்ணீர் இல்லை, எச்சிலைத் துப்பிக் குழைத்தான். எழுதினான். வீடு. சென்பி. காற்று தூரிகையைத் தள்ளியது, எழுத்துகள் சாய்ந்தன. பரவாயில்லை. உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. சரக். சரக்.

"யோவ்," என்றாள் ஹெனுத் உள்ளிருந்து, குரல் சற்று இறங்கி. "நீ வெளியதானே இருக்க?"

"ஆமா."

"அப்ப உள்ள யாரு எழுதறது?"

"காலைக் கீழ வைக்காத!"

ஹெனுத் என்று எழுதினான். சற்று இடம் விட்டு மனைவி என்று எழுதினான். இடையில் படுக்கவேண்டிய 'அவன்', அந்த விரியன் மட்டும் பாக்கி. முழுப் பாம்பு என்ன செய்யும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். ஒன்றை அவிழ்த்துவிட்டது போதும். ஒருநாள் ஆசைக்கு இவ்வளவு என்றால் இனி ஆயுசுக்கும் மறக்க மாட்டான். வளைத்து எழுதினான், எழுதிய ஈரத்திலேயே கத்தியை எடுத்தான், கழுத்தில் ஒன்று, வாலில் ஒன்று, மரம் பிளக்க ஆழமாக வெட்டினான். மூச்சு வந்தது.

வாசிக்க வேண்டும். ஓரடி பின்னால் வந்தான். வாசித்தான்.

சென்பியின் வீடு. ஹெனுத்.

வெட்டு.

மனைவி.

அவன் நின்றது சவப்பெட்டிக்குள் இல்லை. வாசலில். உயிரோடிருப்பவர்களின் வாசலில். பாம்பு முழுசாகக் கிடக்கவேண்டிய இடத்தில். அந்தப் பாம்பு அவன். அவன்தான் அந்த 'அவன்'. இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தான்.

உள்ளே எழுதும் சத்தம் நின்றது.

தூரிகையை வெட்டின் மேல் அழுத்தினான். மை பிளவுக்குள் இறங்கியது. மறுபடி தோய்த்தான். இறங்கியது. விரலால் அடைத்தான். எச்சில். மண். மை. ஒட்டவில்லை. தலை ஒரு பக்கம். வால் ஒரு பக்கம்.

"ஹெனுத்!"

சுவரை உள்ளங்கையால் அறைந்தான்.

"ஹெனுத், என்னைத் திட்டுடி! ஏதாவது சொல்லித் திட்டு!"

கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்கால் தரையில் வைக்கும் ஓசை. ஒரு கால். இன்னொரு கால். பிறகு அவள் குரல், மெதுவாக, அவன் ஒருநாளும் கேட்டறியாத அடக்கத்தோடு.

"வாங்க."

கதவைத் தள்ளினான். தாழ் போடவில்லை. காற்று அவனோடு உள்ளே வந்தது, விளக்கு படுத்து எழுந்தது. தரையெங்கும் சாய்ந்த கோடுகள். அடுப்பிலிருந்து சாடிக்கு. சாடியிலிருந்து பாய்க்கு. பாயிலிருந்து கட்டிலுக்கு. கட்டிலுக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

ஹெனுத் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டிருந்தாள். வாசலைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. தெரியாத ஆள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நல்ல குடும்பத்துப் பெண் பார்க்கிற பார்வை.

"யாருங்க?" என்றாள்.

சென்பி வாயைத் திறந்தான்.

"எழுத்து வேலைக்கு வந்தவரா? நாளைக்கு வாங்க. வீட்டுக்காரர் இப்பத்தான் வந்தாரு."

அவள் கீழே குனிந்து பார்த்தாள். சிரித்தாள். கூச்சத்தோடு, புதுப்பெண் மாதிரி. அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனால் அவள் வயிற்றின் மேல் இழுத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி ஓரிடத்தில் மெல்ல உள்ளே அமுங்கியது. அகன்ற ஒரு குழி. அதிலிருந்து பிரிந்து ஐந்து சின்னப் பள்ளங்கள். துணி சுருங்கியது, பள்ளங்கள் சற்று நகர்ந்து, தேடி, ஓரிடத்தில் நிலைத்தன.

உள்ளேயிருந்து குழந்தை அந்தக் கையை உதைத்தது.

"பாத்தீங்களா," என்றாள் ஹெனுத், "உங்களைத் தெரியுது அதுக்கு."